எஸ்தரின் கழுத்துக்கட்டியும் என் பிரசங்கமும்

புதிதாக அங்கி போட்டிருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே,

ராஜபாளையத்தில் நான் குருவானவராக இருந்த வருஷங்களில் சபைக்குள் ஒரு பேச்சு உண்டு. "ஐயர் முன்னால வழுக்கி விழுந்துராதலே. விழுந்தா ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலதான் எந்திரிக்கணும்." எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஐயர் நான்தான். இந்தப் பேச்சை முதலில் என் காதில் போட்டவள் என் மனைவி. கிளப்பிவிட்டவளும் அவளேதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் இன்றைக்கும் உண்டு.

பேச்சில் பொய் இல்லை. அன்றாட வாழ்க்கையிலிருந்தும் அன்றைய செய்தியிலிருந்தும் விசுவாசத்துக்கு ஒரு பாடம் எடுப்பதுதான் என் கைச்சரக்கு. காலையில் பேப்பரைப் பிரித்தால் மற்றவர்கள் செய்தி படிப்பார்கள். நான் பிரசங்கம் பொறுக்குவேன். தக்காளி விலை ஏறினால் ஆத்துமாவின் விலை. மலையடிவாரத் தோப்புக்குள் யானை புகுந்தால் வேலியில்லாத இருதயம். கரண்ட் போனால் எண்ணெய் இல்லாத விளக்கு. சபையின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் இரண்டு நிமிஷம் குரல் செய்தி வேறு அனுப்புவேன். இரண்டு நிமிஷம் என்பது என் கணக்கு. கேட்டவர்கள் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இதனால் ஒன்று நடந்தது. சபையார் என்னிடம் சொந்த விஷயம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். யாராவது வாய் தவறி, "மகனுக்கு வேல போயிருச்சு ஐயா" என்று ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவர் அவர் காலை மிதிப்பார். நான் அதைப் பார்த்துவிட்டு, நம் சபையார் எவ்வளவு நாவடக்கம் உள்ளவர்கள் என்று மெச்சிக்கொள்வேன். நாவடக்கத்தைப் பற்றியும் ஒரு பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் நாயை எடுத்துக்கொண்டேன். ஒரே எஜமான், ஒரே விசுவாசம், அடுத்தவன் சோறு போட்டாலும் வாலாட்டாத வெள்ளை நாய். நாம் அப்படி இருக்கிறோமா என்று கேட்டேன். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மறுநாள் ஒரு வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போனேன். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு குடும்பம் வளர்த்த வெள்ளை நாய் வந்து என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. "போ, போ" என்று கத்துகிறேன், விடவில்லை. அந்த வீட்டு அம்மாள் ஓடிவந்து தெலுங்கில் ஏதோ ஒரு சொல் சொன்னார், உடனே விட்டுவிட்டது. "மன்னிச்சுக்கோங்க சார், அதுக்குத் தமிழ் தெரியாது" என்றார். ஊசி போட்டுக்கொண்டு நொண்டிவந்த என்னிடம் சபைச் செயலாளர் மிகப் பவ்யமாகக் கேட்டார்: "ஐயா, இதுல நமக்கு என்ன பாடம்?"

வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தோன்றிவிட்டது என்பது வேறு விஷயம்.

என்னை யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் உங்கள் வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மூத்த ஐயருக்குக் கீழே பயிற்சியில் இருந்தேன். மனுஷர் அதிகம் பேசமாட்டார். காணாமல்போன ஆட்டைப் பற்றி நான் பண்ணிய பிரசங்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, பால்கோவாவை ஒரு இலைத்துண்டில் வைத்து என்னிடம் நீட்டினார். நான் தின்று முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "தம்பி, ஆட்டத் தேடிப் போனவரு அதக் கண்டதும் அதுகிட்ட நின்னு பிரசங்கம் பண்ணல. தூக்கித் தோள்ல போட்டுட்டு வந்தாரு. அம்புட்டுதான் கதை."

நான் நெகிழ்ந்துபோனேன். அடுத்த வாரமே அவர் சொன்னதை வைத்து முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு வாக்குத்தத்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உங்கள் கையிலும் அந்த அட்டைத் தட்டு வரத்தானே போகிறது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைப்போம். வரிசையில் வந்து ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருஷம் முழுக்க அவர்களுக்கு ஆண்டவர் தந்த வாக்கு. அதைக் கண்ணாடி போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு, ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டுகிறவர்கள் உண்டு. அட்டைகள் எங்களுக்குச் சிவகாசியிலிருந்து வரும், பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகத்திலிருந்து.

ஒரு வருஷம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் எடுத்த அட்டையில் இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. மனுஷர் முகம் வெளிறிவிட்டது. ஆண்டவருக்குத் தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டார் பாவம். "அச்சகத்துக்காரன் தப்பு, வேற ஒண்ணு எடுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வரிசை பின்னால் நிற்கிறது, எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். என் நாக்கு என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது: "இந்த வருஷம் ஆண்டவர் உங்ககூட மௌனமா நடக்கப்போறார்." போஸ்ட்மாஸ்டர் பூரித்துப்போனார். அந்த வெள்ளை அட்டையைக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டினார். பார்த்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். மறுவருஷம் ஒருத்தர் என்னிடம் தனியாக வந்து, "ஒண்ணுமில்லாத அட்டை இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கய்யா" என்று கேட்டார்.

அந்த வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "தற்செயல் என்று ஒன்று இல்லை" என்பதை என் முத்திரை வாக்கியமாகவே ஆக்கிக்கொண்டேன். பஸ் தவறினால் அதில் ஒரு சித்தம் இருக்கிறது. கையில் வந்த அட்டை உங்களுக்கென்றே எழுதப்பட்டது. இதைச் சொல்லித்தான் பிறகு ஒவ்வொரு வருஷமும் தட்டை நீட்டினேன். அப்படி நீட்டிய ஒரு வருஷத்தில் எஸ்தர் கையில் வந்த அட்டையில், போரை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீ சும்மா இரு என்று பொருள்படும் வசனம் இருந்தது.

எஸ்தரைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை அளந்து வெட்டிச் சுற்றுகிற ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. ஐம்பதை நெருங்கிய வயது. எங்கள் சபையில் அவளுக்கு எந்தப் பதவியும் இல்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் ஆராதனை நகராது. கீபோர்டு வாசிக்கிற பையன் பாதி நாள் வரமாட்டான்; வந்த நாளில் கரண்ட் இருக்காது. எஸ்தர் மூன்றாவது பெஞ்சிலிருந்து முதல் அடியை எடுத்துக் கொடுப்பாள். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு சபை மொத்தமும் எழுந்து வரும். ஒருமுறை அவள் ஊரில் இல்லாதபோது நான் ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் பாதிப்பேர் நிறுத்திவிட்டார்கள், மூன்றாவதில் நானே நிறுத்திவிட்டேன்.

அவள் புருஷன் தங்கராசு சுந்தரபாண்டியத்துக்காரர். விவசாயக் குடும்பம், இந்து. காதல் கல்யாணம். லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கிறிஸ்மஸுக்கு மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு எங்கள் சபைக் கோவிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். மற்றபடி அவர் சாமி அவருக்கு, இவள் ஆண்டவர் இவளுக்கு. அந்த வீட்டில் அதனால் ஒரு சண்டை வந்து நான் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் தங்கராசு தனியாக என் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்மஸ் இல்லாத நாளில் அவர் வந்ததுமே என் மனைவி காபி போட உள்ளே போய்விட்டாள்.

"ஐயா, அவ கழுத்துல ஒரு கட்டி. சேலை முந்தானையப் போட்டு மூடிக்கிட்டே திரியுதா. மதுரைல காட்டிட்டோம். ஊசியில எடுத்துப் பாத்துட்டு, சந்தேகமா இருக்கு, சீக்கிரம் ஆபரேசன் பண்ணி எடுத்துரணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவ மாட்டேங்கா."

"ஏன் மாட்டேங்கா?"

தங்கராசு கொஞ்சம் சங்கடப்பட்டார். "புது வருசத்துக்கு நீங்க ஒரு அட்டை கொடுத்தீகளாமே. அதுல சும்மா இருன்னு போட்டிருக்காம்."

காபி வந்தது. என் மனைவி டம்ளரை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

"நீங்க சொன்னா கேப்பா ஐயா" என்றார் தங்கராசு. கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தணித்தார். "ஒண்ணு சொல்லிருதேன். கோவிச்சுக்கிடாதீக. நான் திருவண்ணாமலைக்கு நேந்திருக்கேன். அவளுக்கு நல்லபடியா ஆயிட்டா பொரட்டாசி சனிக்கிழம நடந்தே மலையேறுதேன்னு." நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெருமாள் மலையைத்தான் சொன்னார். என் நாக்கில் வழக்கம்போல ஏதோ துடித்தது. அவர் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்தேன். "நல்லாப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். என் ஊழியத்தில் நான் பண்ணிய மிகச் சிறிய பிரசங்கம் அதுதான்.

அன்று சாயங்காலமே எஸ்தர் வீட்டுக்குப் போனேன். போகும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அட்டையைக் கொடுத்தவன் நான், அர்த்தம் சொல்லிக் கொடுத்தவன் நான், மாற்றிச் சொல்லி அனுப்பிவிட எனக்குத் தெரியாதா? ஆனையைக் குளிப்பாட்டத் தெரிந்தவனுக்குப் பூனையா பெரிது என்று நினைத்துக்கொண்டு போனேன். பூனை குளிக்குமா என்று யோசிக்கவில்லை.

எஸ்தர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அட்டை சுவரில் இருந்தது.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு என்ன?"

"போனோமே ஐயா. முத தடவ போறப்ப கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்புல பஸ் பஞ்சர். ரெண்டாவது தடவ போனா டாக்டர் லீவு. மூணாவது தடவ ஸ்கேன் எடுக்கையில கரண்ட் போயிருச்சு. நீங்கதானய்யா சொன்னீக, தற்செயல்னு ஒண்ணு இல்லன்னு."

"பஞ்சர் ஆச்சு சரி. ஒட்டினாங்கள்ல? பஸ் போச்சுல்ல? போன்னுதானே அர்த்தம்?"

"நிறுத்துனது ஆண்டவரு. ஒட்டுனது கண்டக்டருய்யா."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இயேசுவின் வரலாற்றை எழுதியவர்களில் ஒருவரே வைத்தியர்தானே என்றேன். அவர் யாருக்கும் கழுத்தை அறுத்ததாக எழுதவில்லையே என்றாள். டாக்டருக்குக் கையும் அறிவும் கொடுத்தது யார் என்றேன். அந்த டாக்டரை அன்றைக்கு லீவு போடவைத்தது யார் என்றாள். கடைசியாக, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "சும்மா இருன்னுதானே வசனம்? ஆபரேசன் மேசையில மயக்க ஊசி போட்டா நீ சும்மாதானேம்மா கெடக்கப்போற? வசனம் நிறைவேறுற எடமே அதுதான்!"

இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. எஸ்தர் தலையாட்டினாள். "நல்லா இருக்குய்யா. ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கோங்க" என்றாள்.

கடைசி முயற்சியாக அவள் வேலையைத் தொட்டேன். இதைவிட நல்ல உவமை எந்தப் பிரசங்கிக்கும் கிடைக்காது. "உன் கையால சுத்தின துணி எத்தன பேரு காயத்த ஆத்தியிருக்கு. உனக்கு ஒரு காயம்னா அந்தத் துணி உன்னையும் ஆத்தாதா?"

அவள் முகம் மாறியது. "அந்தத் துணி ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு போகுதுன்னு தெனமும் பாக்குறவ நான். எம்புட்டு ரத்தம் இருந்தா அம்புட்டு துணி வேணும்னு எனக்குத் தெரியாதாய்யா?"

சொல்லிவிட்டு முந்தானையைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள். இந்த இடத்தில்தான், தம்பிமாரே, தங்கைமாரே, எனக்கு உறைத்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு, "பயமா இருக்காம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் அடுத்த உவமையைத் தேடிக்கொண்டிருந்தேன். காபி குடித்து, ஜெபம் பண்ணி, தோற்று, வீடு வந்துசேர்ந்தேன்.

"என்ன சொன்னா?" என்றாள் மனைவி.

"நான் சொல்லிக் கொடுத்ததையே சொன்னா."

"அப்ப நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் ஒருமுறை போனேன். இந்த முறை பேப்பரையும் கையோடு கொண்டுபோனேன். சிகிச்சையைத் தள்ளிப்போட்டு அவதிப்பட்ட ஒருவரைப் பற்றி அதில் செய்தி வந்திருந்தது. எஸ்தர் அதை வாங்கி, திருப்பி, பின்பக்கத்தில் இருந்த செய்தியைக் காட்டினாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த தவறைப் பற்றிப் போட்டிருந்தார்கள். செய்தித்தாளில் இரண்டு பக்கம் உண்டு என்பதை அத்தனை வருஷம் பேப்பர் படித்தவனுக்கு அன்றுதான் ஒருத்தர் காட்டவேண்டியிருந்தது.

இதற்கிடையில் மதுரை டாக்டர் தங்கராசுவுக்குப் போன் பண்ணினார். திங்கள்கிழமைக்கு இடம் வைத்திருக்கிறேன், இதற்குமேல் தள்ளினால் நான் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் தங்கராசு என்னைப் போனில் கூப்பிட்டார். "இன்னும் மாட்டேங்கா ஐயா. கோவிலுக்குப் போறேன்னு வந்திருக்கா. செத்த பாருங்க. நானும் லோட எறக்கிட்டு வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கோவிலைப் பெருக்கி வைப்பதற்காக அவள் சனிக்கிழமை வருவது வழக்கம்தான். நான் அங்கியை மாட்டவில்லை, ஆனால் மூன்று தலைப்புகளை மனதில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒன்று, பயமும் விசுவாசமும். இரண்டு, கீழ்ப்படிதல். மூன்றாவது இப்போது ஞாபகமில்லை; மூன்று இருந்தால்தான் எனக்குப் பேச வரும்.

கோவில் பக்கவாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் பாடுவது கேட்டது. ஒரு ஞானப்பாட்டின் முதல் அடியை மட்டும் பாடினாள், நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அதே அடி மறுபடி வந்தது, போனிலிருந்து. பிறகு வேறு பாட்டின் முதல் அடி. நிறுத்தம். போன். பிறகு அடுத்தது. கல்யாணப் பாட்டு, அடக்கப் பாட்டு, திருவிருந்துக்கு எழுந்து போகும்போது பாடுகிற மெதுவான பாட்டு. எல்லாவற்றிலும் முதல் அடி மாத்திரம்.

உள்ளே போனேன். அவள் மூன்றாவது பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்து போனை வாய்க்கு நேராகப் பிடித்திருந்தாள். துடைப்பம் பக்கத்தில் சாத்தியிருந்தது. முந்தானையை எடுத்துவிட்டிருந்தாள். கட்டியை அன்றுதான் நான் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"என்னம்மா பண்ற?"

திடுக்கிட்டுப் போனை மடியில் போட்டாள். "ஒண்ணுமில்லய்யா. ஒருவேள நான் இல்லன்னா பாட்டு ஆரம்பிக்க ஆள் வேணும்லா. அதான் பதிஞ்சு வைக்கேன். நீங்க ஆரம்பிச்சா…" என்று இழுத்தாள். நாகரிகம் கருதி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"ஏன் இல்லாமப் போற?"

அவள் கழுத்தைத் தொட்டாள். "கொரல் நரம்பு இதுக்குப் பக்கத்துலதான் போகுதாம். டாக்டர் சொன்னாரு. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மாங்காரு. ஆகவே ஆகாதுன்னு சொல்லுங்கன்னேன். அப்படிச் சொல்ல முடியாதுங்காரு. கொரல் போயிட்டா நான் யாருய்யா? பேண்டேஜ் சுத்துறவ. அம்புட்டுதான்."

அட்டை, பஞ்சர், லீவு, கரண்ட் எல்லாம் அந்த நிமிஷத்தில் உதிர்ந்துபோயின. இத்தனை வாரமாக நான் வசனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அவள் தன் தொண்டையோடு தனியாகக் கிடந்து பயந்திருக்கிறாள். "இத என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"ஆண்டவரு பாத்துக்கிடுவாருன்னு சபையில எந்திரிச்சு சாட்சி சொல்றவ ஐயா நான். எனக்கே பயம்னா சபையில மத்தவிய என்ன நெனப்பாவ? அதோட…" அவள் தயங்கினாள். "உங்ககிட்ட சொன்னா ஞாயித்துக்கிழம வந்துரும்."

தம்பிமாரே, தங்கைமாரே, நாய் கடித்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

மூன்று தலைப்புகளும் வரிசையாக என் வாய் வாசலில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் என்னைப் பேசச் சொன்னது. குரலைக் கொடுத்தவர் எடுக்கிறதைப் பற்றி எனக்கு நல்ல பிரசங்கம் ஒன்று உண்டு, இரண்டு சபைகளில் பண்ணியது. அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்தது. அதுதான் வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு எஸ்தர்" என்றேன். "நீ போகாம இருந்து செத்துப்போயிருவியோன்னு பயமா இருக்கு. போயி கொரல் போயிருமோன்னும் பயமா இருக்கு. ராத்திரி தூக்கம் வரல. எனக்கு ஒரு அர்த்தமும் தெரியல. அந்த அட்டை சிவகாசில கட்டுக்கட்டா அடிச்சு வந்தது. ஒன் கையில எது வந்ததுன்னு நான் பாக்கக்கூட இல்ல. கொரல் இல்லன்னாலும் பரவாயில்ல, நீ இருக்கணும். எங்களுக்கு நீ வேணும்."

எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாகப் பிரசங்கம் பண்ணுகிறவன் கண்ணை வேட்டி நுனியால் துடைப்பதை அவள் பார்த்திருக்கமாட்டாள்.

"உங்களுக்குமா?" என்றாள்.

"எனக்கும்தான்."

அவளும் அழுதாள். அழுதுமுடித்து மூக்கைச் சிந்திவிட்டு, பேண்டேஜ் துணியை அளக்கிறவளின் கறாரோடு கேட்டாள்: "போறேன். ஆனா ஒண்ணு. என் கழுத்த வச்சுப் பிரசங்கம் பண்ணக் கூடாது. கொரல் வந்தாலும் கூடாது, போனாலும் கூடாது. வாட்ஸப்புலயும் வரக் கூடாது."

பண்ணமாட்டேன் என்றேன்.

"பேரு சொல்லாம, 'ஒரு சகோதரி'ன்னும் வரக் கூடாது."

அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டு சம்மதித்தேன். என் குருப்பட்ட வாக்குறுதியைக்கூட நான் அவ்வளவு கனத்தோடு எடுத்ததாக ஞாபகமில்லை. அதற்குள் தங்கராசு வாசலில் வந்து நின்றார். எஸ்தர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, "திங்கக்கெழம போறோம்" என்றாள். அவர் அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கித் தானே பெருக்க ஆரம்பித்தார்.

திங்கள்கிழமை நானும் என் மனைவியும் அவர்களோடு மதுரைக்குப் போனோம். வழியில் பஸ் ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நின்றது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆபரேஷன் நடந்த நேரமெல்லாம் நான் தங்கராசு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பெருமாளே பெருமாளே என்றார். நான் ஆண்டவரே ஆண்டவரே என்றேன். என் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் இட்லி வாங்கிவந்தாள்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் பரவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உயிருக்குப் பயமில்லை. குரலைப் பற்றி மட்டும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். கண் விழித்த எஸ்தர் பேச முயன்றாள். காற்றுதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கராசு புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கிறிஸ்மஸ் இல்லாமலே, கோவிலுக்கு வந்தார். மூன்றாவது பெஞ்சில் அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் பதிந்துவைத்த போனை மைக்குக்கு முன்னால் பிடித்தார். முதல் பாட்டுக்கு அவர் அமுக்கியது அடக்கப் பாட்டு. சபை எழுந்து நின்று மிரண்டது. அடுத்ததாக அமுக்கியது கல்யாணப் பாட்டு. மூன்றாவது சரியாக வந்தது. எஸ்தரின் அந்த ஒரு அடி கேட்டதும் சபை அதைப் பிடித்துக்கொண்டு பாடிய பாட்டை நான் மறக்கமாட்டேன். ஆராதனை முடிந்ததும் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை ஐயர் எப்படி விட்டார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் திராட்சத்தோட்டத்தைப் பற்றிப் பேசினேன். மிகச் சுமாரான பிரசங்கம்.

வாரங்கள் போயின. காற்று கரகரப்பாக மாறியது, கரகரப்பு மெல்லப் பேச்சாக மாறியது. ஒரு ஞாயிறு எஸ்தர் வந்தாள். கழுத்தில் தழும்பு தெரிய, முந்தானையைப் போடாமல் வந்தாள். சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்தாள். நான் பலிபீடத்துப் பக்கத்தில் நின்று என் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆபரேசன் ஆச்சு" என்றாள். "வலிச்சுது. ரொம்பப் பயமா இருந்துச்சு. இப்பப் பரவாயில்ல. பாடுவோமா?"

அவ்வளவுதான். பாட்டை ஆரம்பித்தாள். பழைய உயரம் இல்லை. இரண்டு படி கீழேதான் எடுக்க முடிந்தது. எங்கள் சபை காலகாலமாக உச்சத்தில் பாடிப் பழகியது. ஒரு நொடி தடுமாறினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் குரலை இறக்கி அவள் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். அந்தப் புரட்டாசியில் தங்கராசு மலையேறிவிட்டு வந்தார்.

அப்படியானால் இதை இப்போது எப்படி எழுதுகிறீர்கள் ஐயா, வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓய்வுபெற்ற பிறகும் நான் அதை மீறவில்லை. போன வாரம் எஸ்தருக்குப் போன் பண்ணி, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "எழுதிட்டு முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். நேற்று போனிலேயே படித்துக் காட்டினேன். நாய் வந்த இடத்தில் சிரித்தாள். கோவிலுக்குள் வந்த இடத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. முடித்ததும், அந்தப் புது, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"கடைசில ஒரு பாடம் வச்சிருப்பீகளே. அதையும் படிங்க."

வைத்திருந்தேன். ஒரு பக்கம் இருந்தது. சபை சுருதியை இறக்கிக்கொண்டதைப் பற்றி, அருமையாக வந்திருந்தது.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"சும்மா சொல்லாதீக."

அவள் போனில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். கிழிக்கிற சத்தம் அவளுக்கும் கேட்டது.

"இப்ப அனுப்புங்க ஐயா" என்றாள்.